வீட்டில் பாட்டு பதியும் பிள்ளைகளுக்கு

பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கூக்காலிலும் சொந்தமாகப் பாட்டு கட்டிக் கைப்பேசியில் பதிந்து நண்பர்களுக்கு அனுப்புகிற பிள்ளைகள் இப்போது கூடியிருக்கிறார்கள். கொடைக்கானலில் நெடுங்காலம் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன் என்பதால், சிலர் என்னிடம் கொண்டுவந்து போட்டுக் காட்டுகிறார்கள். கேட்டுவிட்டுத் தனித்தனியாகச் சொன்னதை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

1. உங்களை இழுத்தது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைக்கு வருகிறவர்கள் ஒரு தாளில் சினிமாப் பாட்டுகளை எழுதிக் கொண்டுவருவார்கள். 60 நிமிடக் கேசட்டிலோ 90 நிமிடக் கேசட்டிலோ பதிந்து வாங்கிப் போவார்கள். எப்போதாவது ஒருவர், தன் வீட்டு டேப்ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அமுக்கித் தானே பாடிய கேசட்டை நீட்டி, ரெண்டு காப்பி போட்டுத் தாங்க என்பார். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவராக இருப்பார், டெய்லராக இருப்பார். காப்பி எடுக்கும்போது அது கடையில் ஓடும். நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, "இது யாருண்ணே பாடுறது?" என்பார்கள். சினிமாப் பாட்டு ஓடும்போது அந்தக் கேள்வி வந்ததே இல்லை.

ஏன் என்று நிறைய யோசித்திருக்கிறேன். பெரிய செலவில் வரும் பாட்டு பல பேர் கை பட்டு வருகிறது. உறுத்துகிற சொல்லை ஒருவர் எடுப்பார், நீண்டுபோன வரியை இன்னொருவர் வெட்டுவார், குரலின் கரகரப்பை மூன்றாமவர் துடைப்பார். எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் வேலை, அதில் தப்பில்லை. வீட்டில் பதிந்த பாட்டில் எடுப்பதற்கு ஆள் கிடையாது. ஒருவர் தனக்குத் தோன்றிய விசித்திரத்தை, யார் ஒப்புதலும் வாங்காமல் அப்படியே விட்டிருப்பார். அதனால்தான் அந்த ஆள் எதிரே உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றுகிறது. நீங்கள் காப்பாற்ற வேண்டியது அதைத்தான். கீழே சொல்வதெல்லாம் அதற்குக் காவல்.

2. வீட்டில் பேசுகிற பேச்சில் எழுதுங்கள்.

இலங்கை வானொலி இந்த மலைக்குத் தெளிவாக ஏறிவந்த காலம் ஒன்று உண்டு. சினிமாப் பாட்டுக்கு நடுவே 'பொப்பிசை', அதாவது பாப் இசை, என்று ஒன்றைப் போடுவார்கள். அந்த வழியை முதலில் வெட்டியவர் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். தமிழ்ப் பொப்பிசையின் தந்தை என்று இலங்கையில் அவரைச் சொல்கிறார்கள். 1960-களின் கடைசியில் அவர் பாட ஆரம்பித்த 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இரண்டும் கடல் தாண்டி இங்கே வந்து, கல்யாண வீட்டிலும் கல்லூரிச் சுற்றுலா பஸ்ஸிலும் இன்றுவரை ஓடுகின்றன.

பாட்டின் பொருள் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். மாமி வீட்டு வாசலில் நின்று அவள் மகளைப் பற்றி விசாரிக்கிறான் ஒருவன். இன்னொன்றில் கள்ளுக்கடைக்குப் போகாதே என்று ஒரு புத்திமதி. நிலவு இல்லை, தென்றல் இல்லை. யாழ்ப்பாணத்து வீட்டில் வாய்விட்டுப் பேசுகிற பேச்சு, அதன் இழுப்போடும் உறவுமுறையோடும் பாட்டில் ஏறியிருக்கிறது. தாளத்துக்கு அவர் தேடிப் போனதும் பக்கத்து வீடுதான். போர்ச்சுக்கீசியர் காலத்திலிருந்து இலங்கைக் கரையில் ஊறிய ஆட்டப்பாட்டு பைலா. வாலி பாஸ்டியன்ஸ் என்ற போலீஸ்காரர் அதைச் சிங்களத்தில் பாடிப் பரப்பியிருந்தார். தகிட தகிட என்று உருளும் அந்த நடையில் யாழ்ப்பாணத் தமிழை உட்கார வைத்தால் யாருக்கும் கால் சும்மா இருக்காது. இலக்கணப் பண்டிதர்களிடமோ, சினிமாக் கவிஞர்களிடமோ கேட்டிருந்தால் இந்தப் பாட்டில் ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது என்று நினைக்கிறேன்.

இதைக் கேட்டுவிட்டு யாழ்ப்பாணத் தமிழில் பாட ஆரம்பிக்காதீர்கள். உங்கள் அம்மாச்சி உங்களை எப்படித் திட்டுகிறாரோ அந்தத் தமிழ் உங்களிடம் இருக்கிறது.

3. மேலே நின்று பார்க்கிறவர் கண்ணால் ஊரைப் பாடாதீர்கள்.

கொடைக்கானலிலிருந்து வருகிறவர்கள் சாலையின் வளைவில் வண்டியை நிறுத்தி, கீழே தெரியும் நம் பூம்பாறையையும் படிப்படியாக இறங்கும் வயலையும் படம் பிடிக்கிறார்கள். அதன்மேல் ஒரு சினிமாப் பாட்டை ஒட்டி அனுப்புகிறார்கள். 1991-இல் 'குணா' படத்தில் கொடைக்கானல் குகை ஒன்றுக்குக் கிடைத்த பாட்டு, 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபோது மறுபடி உயிர்பெற்று ஊரையே அங்கே இழுத்தது. ஒரு இடத்துக்குப் பாட்டு ஒட்டிக்கொண்டால் அது அப்படித்தான் நிற்கும். பூம்பாறைக் கோயில் முருகன், நம் குழந்தை வேலப்பருக்கு, அருணகிரிநாதரின் திருப்புகழ் இருக்கிறது. இங்கே விதைத்து அறுத்து மூட்டை கட்டுகிற நம்மைப் பற்றி நாமே பதிந்து வைத்த பாட்டு எங்கே? எனக்கு இது உண்மையான மனக்குறை.

பனி, மேகம், சொர்க்கம் என்று நீங்கள் எழுதிவரும்போது அந்த வளைவில் நிற்கிறவர் குரல்தான் கேட்கிறது. நம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது. அதை வைத்துப் பெருமைப் பாட்டு எழுதலாம். எழுதினால் அரசு விளம்பரம்போல இருக்கும். அதைவிட, வடுகபட்டி மண்டிக்கு மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டு, என்ன விலை போனது என்று போன் வரும்வரை அப்பா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாரே, அதை எழுதுங்கள். ராத்திரி கேரட் தோட்டத்தில் காட்டுமாடு இறங்கினால் தகரம் தட்டுகிறோமே, அந்தத் தகரச் சத்தத்தை விடவா உங்களுக்கு நல்ல தாளம் கிடைக்கப்போகிறது?

4. மெட்டு வரவில்லை என்றால் தெரிந்த மெட்டில் எழுதிப் பழகுங்கள், அதிலேயே தங்கிவிடாதீர்கள்.

மலைக்குத் தெற்கே இறங்கினால் தேனி மாவட்டம். அங்கே பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராஜன் இருந்தார், இளையராஜாவின் அண்ணன். ஆர்மோனியப் பெட்டியோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டில் அன்றைய அரசியலைச் சுடச்சுட ஏற்றுவார். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள் நடுவே அவர் பாடியது பெரிதாகப் பேசப்பட்டது. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் அதில் ஜெயித்தார். தெரிந்த மெட்டு கேட்பவர் காதைத் திறந்து வைக்கும், புதுச் சொல் உள்ளே போகும். எத்தனை அசை எங்கே விழ வேண்டும், எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்பது இப்படிப் பழகினால்தான் கைக்கு வரும்.

ஆனால் பழக்கத்துக்கு எழுதியதைப் பதிந்து வெளியே விடாதீர்கள். கேட்கிறவர் மனசு பழைய பாட்டுக்கே ஓடிவிடும். மெட்டு அடுத்தவருடையது, அனுமதி இல்லாமல் போடுவது சட்டப்படியும் தப்பு. பத்து பாட்டு அப்படி எழுதிய பிறகு, மெட்டை மறந்துவிட்டு உங்கள் வரியைச் சத்தமாக வாசியுங்கள். பேச்சிலேயே ஏற்ற இறக்கம் இருக்கும். அதைக் கொஞ்சம் நீட்டினால் அது உங்கள் மெட்டு.

5. அறையைத் தேர்ந்தெடுங்கள்.

மைக் என்ன வாங்கலாம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறீர்கள். அறை சரியில்லை என்றால் எந்த மைக்கும் உதவாது. வெறும் சுவரும் சிமென்ட் தரையும் உள்ள அறையில் குரல் சுவரில் பட்டுத் திரும்பிவந்து மைக்கில் மறுபடி விழும். கேட்கும்போது டப்பாவுக்குள் பாடியதுபோல் இருக்கும். விதைப்பூண்டு மூட்டை அடுக்கிய அறை, துணி நிறையத் தொங்கும் அறை, மெத்தையும் தலையணையும் கிடக்கும் அறை நல்லது. இந்தக் குளிரூரில் கம்பளிக்குப் பஞ்சமில்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் கயிறு கட்டி இரண்டு கனத்த கம்பளியைத் தொங்கவிடுங்கள். மைக் பெரும்பாலும் உங்களுக்குப் பின்னால் இருப்பதைத்தான் உங்களோடு சேர்த்துக் கேட்கிறது.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. நேரே ஊதுவதுபோல் நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள்; இல்லாவிட்டால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடித்து டொப் டொப் என்று கேட்கும்.

தகரக் கூரை வீடு என்றால் மழைநேரத்தில் நல்ல குரல் பதிவை எதிர்பார்க்காதீர்கள். தகரத்தில் விழும் மழைச் சத்தம் குரல் இருக்கும் இடம் முழுக்கப் பரவி நிற்பதால் எந்த மென்பொருளும் அதை ஒழுங்காகப் பிரித்தெடுக்காது. பிரித்தால் குரலும் சேர்ந்து கிழியும். மழை விடட்டும். அல்லது மழையே அந்தப் பாட்டில் வேண்டும் என்று முடிவெடுத்துப் பாடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் கேட்கச் சகிக்காது.

6. கைப்பேசியின் கெட்டிக்காரத்தனத்தை அணையுங்கள்.

கைப்பேசி மனிதர் பேசுவதற்குச் செய்யப்பட்டது. விடாமல் ஒரே மாதிரி வரும் சத்தத்தை அது இரைச்சல் என்று நினைத்து அமுக்கும். சுருதிப்பெட்டி போட்டுப் பாடினால் சுருதி மங்கி மங்கி வருவது அதனால்தான். நீங்கள் பாடாமல் இருக்கும் இடத்தில் அதுவே ஒலியைக் கூட்டி, பக்கத்து வீட்டு மிக்ஸியை உள்ளே இழுக்கும். இரைச்சல் நீக்கும் வசதியையும் தானாக ஒலி கூட்டிக் குறைக்கும் வசதியையும் நிறுத்த முடிகிற பதிவுச் செயலியாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். வேவ் கோப்பாகப் பதியுங்கள். அழைப்பு வராதபடி கைப்பேசியை ஏர்பிளேன் மோடில் வையுங்கள். பாட்டில் நீங்கள் எட்டும் மிக உரத்த இடத்தை முதலில் பாடிப் பார்த்து, ஒலிமுள் உச்சியைத் தொடாதபடி வையுங்கள். கேசட் நாடாவில் கொஞ்சம் மீறினால் குரல் தடித்துக் கேட்கும், அதில் ஓர் அழகும் இருந்தது. டிஜிட்டலில் உச்சியைத் தாண்டியது உடைந்ததுதான், ஒட்டாது.

7. எந்தக் குறையை விடலாம், எதை மறுபடி பாடவேண்டும் என்று பிரித்துப் பாருங்கள்.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூஜெர்சியில் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து புதுப் பாட்டுகளைக் கிடாரோடு பாடிப் பதிந்தார். கருவி டியாக் 144, நாலு தடம் உள்ள கேசட் ரெக்கார்டர். சாதாரண கேசட்தான், நாம் இரண்டு பக்கமாகத் திருப்பிப் போட்டுக் கேட்பதை அது ஒரே பக்கமாக நாலு தடமாக்கி, இரட்டை வேகத்தில் ஓட்டும். இரண்டு மைக். தன் குழுவுக்குப் பாட்டைக் காட்டுவதற்கான மாதிரிப் பதிவு, அவ்வளவுதான். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். பிறகு பெரிய ஸ்டூடியோவில் முழுக் குழுவோடு திரும்பப் பாடினார்கள். வாத்தியம் எல்லாம் துல்லியம், ஆனால் வீட்டுப் பதிவில் இருந்த தனிமை வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் அதே ஆண்டு செப்டம்பரில் வெளியிட்டார்கள்.

இதை எடுத்துக்காட்டி, "பார்த்தீங்களா, எப்படிப் பதிந்தாலும் போதும்" என்று ஒரு பையன் என்னிடம் வாதாடினான். அந்தப் பாட்டுகளைக் கவனித்துக் கேளுங்கள். சொல் ஒவ்வொன்றும் எண்ணி வைத்திருக்கிறது. ஒலியில் குறை இருக்கிறது, பாட்டில் இல்லை. நாற்காலி கிரீச்சிட்டால், தூரத்தில் மன்னவனூர் பஸ்ஸின் ஹாரன் விழுந்தால், கடைசியில் மூச்சு திணறினால் விட்டுவிடுங்கள். சுருதி விலகியிருந்தால், சொல் விளங்காமல் போனால், நடுவில் இரண்டு வரி வெறும் இட்டு நிரப்பலாக இருந்தால் மறுபடி எழுதி மறுபடி பாடுங்கள். சோம்பலால் விட்ட குறையையும் வேண்டுமென்று விட்ட குறையையும் கேட்பவர் நொடியில் பிரித்துவிடுவார். கடையில் வருஷக்கணக்காக நான் பார்த்தது அது.

8. விசித்திரத்தைச் செய்யாதீர்கள்.

தெளிவாகப் பதிந்த பாட்டின்மேல் பழைய கேசட்டின் இரைச்சலை ஒட்டுகிற செயலிகள் இருக்கின்றன. வேண்டாம். குரலைக் குழந்தைபோல் மாற்றுவதும், அர்த்தமில்லாச் சொல்லைச் சிரிப்புக்காகத் திணிப்பதும் வேண்டாம். உங்களுக்கு இயல்பாக இருந்து பிறருக்கு விசித்திரமாகத் தெரிவது மட்டும்தான் நிற்கும்.

9. டேனியல் ஜான்ஸ்டன் கதையை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுப் பதிவுக்காரர்களுக்கு இந்த அமெரிக்கப் பாடகர் ஒரு குலதெய்வம். 1961-இல் பிறந்தவர். பெற்றோர் வீட்டு நிலவறையில் மலிவான டேப்ரெக்கார்டரை வைத்துப் பாட ஆரம்பித்தார். குரல் நடுங்கும், வாத்தியம் தடுமாறும், ஆனால் மெட்டு மறுநாளும் தலையைவிட்டுப் போகாது. ஆஸ்டின் நகரத்தில் மெக்டொனால்ட்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, அட்டையில் தானே படம் வரைந்த கேசட்டுகளைப் பார்க்கிறவர் கையிலெல்லாம் கொடுத்தார். ஆரம்பத்தில் காப்பி எடுக்கும் வசதி இல்லாததால், கேட்கிறவருக்காக முழுத் தொகுப்பையும் திரும்பப் பாடிப் பதிந்து கொடுத்திருக்கிறார். காப்பி போட்டே பிழைத்தவன் நான். இதைப் படித்தபோது வெகுநேரம் அசையவில்லை. ஒருவருக்கு ஒருமுறை என்று பாடுவது எவ்வளவு பெரிய விஷயம். 1983-இல் வந்த 'ஹாய், ஹவ் ஆர் யூ' தொகுப்பின் தவளைப் படம் போட்ட பனியனை 1992-இல் ராக் பாடகர் கர்ட் கோபேன் போட்டுக்கொண்டு நின்றதும் உலகம் திரும்பிப் பார்த்தது.

இன்னொரு பாதியையும் சொல்லவேண்டும். அவர் கடுமையான மனநோயோடு வாழ்ந்தவர். பலமுறை மருத்துவமனையில் இருந்தார். 2019-இல் இறந்தார். அந்த நோய்தான் பாட்டைக் கொடுத்தது என்று பேசுகிற ரசிகர்கள் உண்டு. அந்தப் பேச்சை நம்பாதீர்கள். நோய் அவருடைய வேலை நாட்களைத் தின்றது. தனியாக அறையில் உட்கார்ந்து பாட்டு கட்டுகிற பிள்ளைகளுக்குத் தூக்கம் கெடும், மனசு இருளும். அப்படி ஆனால் பாட்டை மூடி வைத்துவிட்டு வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள். திரும்பி வந்து பாடலாம்.

10. பெயரைச் சொல்லிவிட்டுப் பாடுங்கள்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் உங்கள் பெயர், ஊர், தேதி, எழுதியவர் யார், மெட்டு யாருடையது என்று குரலிலேயே சொல்லிவிடுங்கள். வெளியே அனுப்பும்போது வேண்டுமானால் அதை வெட்டிக்கொள்ளலாம். நித்தி கனகரத்தினத்தின் பாட்டுகளைப் பாடத் தெரிந்த ஆயிரம் பேரை நிறுத்திக் கேளுங்கள், அவர் பெயரைச் சொல்ல எத்தனை பேர் இருப்பார்கள்? 'சுராங்கனி'யால் இங்கே புகழ்பெற்ற சிலோன் மனோகர் பாடியது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். மனோகரும் நல்ல பாடகர், 2018-இல் காலமானார். அவருக்கு இந்தக் கடன் தேவையே இல்லை. பாட்டு பிழைத்துப் பெயர் தொலைந்துபோவது நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தில், பாட்டு எழுதிப் பதிந்த அந்தக் கணமே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு அலுவலகத்துக்குப் போய்த்தான் அது பிறக்கவேண்டும் என்பதில்லை. எழுதியவர் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டு அது நிற்கும். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2012-இல் திருத்தியபோது, பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உறுதியானது. அதனால் யாராவது காகிதத்தை நீட்டி, எல்லா உரிமையும் எங்களுக்கு என்று கையெழுத்து கேட்டால், படித்துச் சொல்ல ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதே நியாயம் உங்களுக்கும். அம்மாச்சியின் நடவுப் பாட்டை எடுத்து மாற்றியிருந்தால், அம்மாச்சி பெயரைச் சொல்லுங்கள்.

11. கொஞ்சம் பேர் கேட்டால் போதும் என்று ஆரம்பியுங்கள்.

சென்னையில் கபேர் வாசுகி என்ற பாடகர் சினிமா கம்பெனி எதன் துணையும் இல்லாமல் 'அழகு புரட்சி' என்ற தன் பாட்டுத் தொகுப்பைக் கொண்டுவந்தார். இசைக்கலைஞர் தென்மாவோடு சேர்ந்து 'குரங்கன்' குழுவில் பாடினார். சாதாரணப் பேச்சுத் தமிழில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோன்ற பாட்டுகள். தேடிக் கேளுங்கள். தெருவில் நிறுத்திக் கேட்டால் பலருக்கு அவரைத் தெரியாது. தெரிந்தவர்கள் வரி வரியாகச் சொல்வார்கள். அந்த அளவு உறவு போதும், அதற்குமேல் வந்தால் வரட்டும்.

பதிந்ததை முதலில் நாலு பேருக்கு அனுப்புங்கள். அதில் ஒருவர் பாட்டே பிடிக்காதவராக இருக்கட்டும், ஒருவர் வயசானவராக இருக்கட்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைப் பார்த்து அடுத்த பாட்டை எழுதினால், இரண்டே பாட்டில் எல்லாரையும் போல ஆகிவிடுவீர்கள். கோடை பண்பலை 100.5 நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. வானொலியில் பாட ஆசை இருந்தால் குரல் தேர்வைப் பற்றி நேரில் போய் விசாரியுங்கள். அங்கே கேட்கும் ஒழுங்கு வேறு, அதற்குத் தனியாகப் பயிற்சி செய்யவேண்டும். வீட்டுப் பாட்டை அதற்காக மாற்றவேண்டாம்.

12. பத்திரப்படுத்துங்கள்.

கைப்பேசி தொலையும், உடையும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் ஏற்றி வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். வீட்டில் அப்பாவோ தாத்தாவோ பாடிய பழைய கேசட் கிடந்தால், இந்த மலை ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கும். வெள்ளையாகத் தெரிந்தால் அதை எந்த டேப்ரெக்கார்டரிலும் போட்டுவிடாதீர்கள். நாடா ஒட்டிக் கிழியும், கருவியும் கெடும். ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போட்டு என்னிடம் கொண்டுவாருங்கள். ஓடுகிற நிலையில் ஒரு டெக் இன்னும் வைத்திருக்கிறேன், சுத்தம் செய்து மாற்றித் தருகிறேன். உறைமேல் எழுதியிருக்கும் தாளைக் கிழித்துவிடாதீர்கள்.